அந்தப் போன் இரிக்கிதானே

அந்தப் போனின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதாவிட்டாலும் எந்தப் போன் என்று உங்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும். அதுதான் அதை விற்கிறவர்களுடைய கெட்டித்தனம். கல்முனையிலிருந்து நிந்தவூர் வரைக்கும் எங்கள் கரையோரத்தில் போன்கள் இரண்டே சாதி. ஒன்று 'அந்தப் போன்'. மற்றது 'சும்மா போன்'. சும்மா போனை எத்தனை கம்பனி செய்தாலும், அதில் எவ்வளவு நல்ல கமரா இருந்தாலும், அது சும்மா போன்தான். கலியாண வீட்டில் படம் எடுக்கப் பத்துப் பேர் போனை நீட்டினாலும், "அந்தப் போன் ஆருட்ட இரிக்கி?" என்று ஒரு குரல் கேட்கும். நீட்டியவர்கள் பேசாமல் தங்கள் போனை உள்ளே வைத்துவிடுவார்கள். நானும் வைத்திருக்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

நான் பெண்கள் பாடசாலையொன்றில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். என் கணவர் கடலுக்குப் போகிறவர். டீச்சர் எப்படிக் கடல்காரரைக் கலியாணம் முடித்தாள் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன், அவர் என் மாமி மகன். சின்ன வயதில் மச்சான் என்று கூப்பிட்ட வாய் இன்றைக்கும் அப்படியே கூப்பிடுகிறது. எங்கள் பக்கத்து வழக்கப்படி அவர்தான் என் வீட்டுக்கு வந்தார். பெண்சாதி வீட்டில் வந்து இருக்கிற ஆண், பெண்சாதியின் தம்பி ஆசையாகக் கொண்டுவந்து கொடுக்கும் சாமானை வேண்டாம் என்று சொல்ல முடியாது. சொன்னால் அது குடும்பத்துக்குள் ஒரு புண்ணாகிவிடும்.

கட்டாரில் வேலை செய்யும் என் தம்பி முதலில் ஒரு வீடியோவை அனுப்பினான். பனிமலையில் ஒருவன் கால் முறிந்து கிடக்கிறான். சுற்றிவர ஒரு மனித வாடை இல்லை, போனில் சிக்னலும் இல்லை. அவன் போனை வானத்துக்கு நேரே பிடிக்கிறான். திரையில் ஒரு அம்பு சுழன்று சுழன்று மேலே எங்கோ இருக்கிற செய்மதியைத் தேடிப் பிடிக்கிறது. கொஞ்ச நேரத்தில் ஹெலிகொப்டர் சத்தம் கேட்கிறது. கடைசியில் அவனுடைய மகள் வீட்டு வாசலில் ஓடிவந்து அவனைக் கட்டிக்கொள்கிறாள். என் கண்ணும் கலங்கியது. நல்லாத்தான் எடுத்திருந்தார்கள், பாவிகள்.

ஆனால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. எதையும் கடைசி வரி வரைக்கும் வாசிப்பேன். மகள் கட்டிப்பிடிக்கும் இடத்தில் திரையின் அடியில் எறும்பு ஊர்ந்ததைப் போல ஒரு வரி ஓடியது. இந்தச் சேவை சில நாடுகளில் மட்டும்தான் கிடைக்கும் என்று அதில் இருந்தது. எந்த நாடுகள் என்று தேடிப் பார்த்தேன். எங்கள் நாடு அதில் இல்லை.

தம்பி லீவில் வந்தபோது அந்தப் போனையே கொண்டுவந்து மச்சானின் கையில் வைத்தான். "இனி நடுக்கடல்ல இரிந்தாலும் பயமில்ல மச்சான். மேல புடிச்சாப் போதும்," என்றான்.

"அது இஞ்ச வேல செய்யாது. சில நாட்டுக்குத்தான் எண்டு அடியில எழுதி இரிக்கி," என்றேன் நான்.

"ராத்தா, ஒங்களுக்கு எல்லாத்துலயும் பிழை புடிக்கிற வேல. புள்ளைகள்ட கொப்பி திருத்திற மாதிரி அதையும் திருத்தாதீங்க. வானம் எல்லாருக்கும் ஒண்டுதானே?"

வானம் எல்லாருக்கும் ஒன்றுதான். செய்மதிச் சேவைதான் அப்படியில்லை. மச்சான் சிரித்துக்கொண்டே போனைத் தண்ணீர் போகாத உறைக்குள் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அதுவரை மீன்பிடிப் போட்டில் அவரோடு போய்வந்த ரேடியோ செட் அலுமாரிக்கு மேலே ஏறியது. கையில் பிடித்துக் கதைக்கிற கட்டையான செட் அது. கிட்டத்தில் நிற்கிற மற்றப் போட்டுகளுக்குக் கேட்கும், அவ்வளவுதான். உப்புப் பிடித்து, கரகரத்து, ஒவ்வொரு நாளும் சார்ஜ் போடச் சொல்லித் தொல்லை கொடுக்கும். அதற்கு யார் விளம்பரம் போட்டது? அதைக் கையில் வைத்துக்கொண்டு எந்த நடிகன் சிரித்தான்?

எங்கள் ஊர்ப் போட்டுகள் பின்நேரம் இறங்கி அடுத்த நாள் காலையில் கரைக்கு வரும். வியாழக்கிழமை காலை வந்த போட்டுகள் மறுபடி சனிக்கிழமைதான் இறங்கும். ஜும்மா நாளில் தொழிலுக்குப் போவதில்லை என்பது ஊர்க்கட்டு. மாரி முடியாத ஒரு வியாழக்கிழமை, எல்லாப் போட்டும் கரையேறி, மீனும் ஏலம் போன பிறகும் எங்கள் போட் மட்டும் வரவில்லை. மச்சானோடு கடலுக்குப் போனவர் எங்கள் பக்கத்து வளவுக்காரர். அவருடைய மனைவிதான் பாடசாலைக்கு அழைப்பெடுத்து, "டீச்சர், இன்னும் காணல்ல," என்றாள். அதிபரிடம் சொல்லிவிட்டு உடுத்த சேலையோடு கடற்கரைக்குப் போனேன்.

போட் கட்டும் இடத்துக்குப் பெண்கள் போவது குறைவு. நாங்கள் இரண்டு பேரும் போய் நின்றதும் வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் கை நிறுத்திப் பார்த்தார்கள். மீனவர் சங்கத் தலைவர் வாடிக் குடிலுக்குள்ளிருந்து எழுந்து வந்தார். மரியாதையான மனிதர், நல்ல கடல்காரர்.

"ஏன் டீச்சர் வெயிலுக்குள்ள? ஊட்டுக்குப் போங்க. அவருட்ட அந்தப் போன் இரிக்கிதானே?"

"இரிக்கி. அதால என்ன?"

"ஒரு ஆபத்தெண்டா இதுக்குள்ள மேலால செய்தி வந்திரிக்கும்."

"செய்தி வரல்லதானே."

"அதத்தான் நானும் சொல்றன். வரல்லயெண்டா ஒண்டும் நடக்கல்ல. மீன் பட்டிரிக்கும், நிண்டு இழுக்கிறாக."

எனக்கு அந்த இடத்தில்தான் விஷயம் விளங்கியது. இதுநாள்வரை இந்தக் கரையில் ஒரு போட் பிந்தினால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். பகல் ஆகுமுன் இரண்டு போட் தேடி இறங்கும், நேவிக்குச் சங்கம் அறிவிக்கும். அலுமாரியில் கிடந்த செட்டையே அவர் கொண்டுபோயிருந்து, அதில் சத்தம் வராமல் இருந்தால், இதே தலைவர் இந்நேரம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் நின்றிருப்பார். இப்போது சத்தம் வராததே நல்ல செய்தியாகிவிட்டது. ஒரு போன் பேசாமல் இருப்பதை வைத்து என் கணவர் சுகமாக இருக்கிறார் என்று ஒரு கரையே நம்பிக்கொண்டு நின்றது.

என் சும்மா போனை எடுத்து அந்த வீடியோவைப் போட்டேன். அடியில் ஓடிய வரியில் நிறுத்திக் காட்டினேன். தமிழில் சொல்லியும் காட்டினேன். நாடுகளின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். தலைவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு பக்கத்தில் நின்றவரைப் பார்த்து, "டீச்சர் பயந்து போனாங்க," என்றார்.

அவரிடமும் அந்தப் போன்தான் இருந்தது. "சரி, ஒங்கட போன இப்ப மேல புடிச்சுக் காட்டுங்க," என்றேன்.

"கரையில சிக்னல் இரிக்கக்குள்ள அது வேல செய்யாது டீச்சர். நடுக்கடல்லதான் தொறக்கும்."

"நடுக்கடல்ல நீங்க தொறந்து பாத்தீங்களா?"

"எனக்கு ஆபத்து வரல்லயே, அல்ஹம்துலில்லாஹ்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, என்னைத் தேற்றுகிற சிரிப்பு. அது இன்னும் மோசம். பக்கத்து வளவுக்காரரின் மனைவி என் கையைப் பிடித்து, "அப்ப பயமில்ல என்ன டீச்சர்?" என்று கேட்டாள். அவளுக்கும் அவர்கள் சொன்னதை நம்பத்தான் ஆசை. எனக்கும் ஆசை இல்லாமலா? அந்த வரியை வாசிக்காமல் இருந்திருந்தால் நானும் வீட்டுக்குப் போய்ச் சோறு ஆக்கியிருப்பேன்.

நடுப்பகல் லுஹர் தொழுகை நேரம் போனது. பின்நேரத்து அஸரும் போனது. நான் தலைகீழாக நின்று பார்த்தேன். "மஃரிபுக்குள்ள வராட்டிப் பாப்பம்" என்பதற்கு மேல் தலைவர் ஒரு அடி நகரவில்லை. கடைசியில் தம்பிக்கு அழைப்பெடுத்து ஸ்பீக்கரில் போட்டு, அத்தனை பேருக்கும் நடுவில் போனை உயர்த்திப் பிடித்தேன். "நீதான் கொடுத்த. இப்ப நீயே தேடிப் பார்த்து இவங்களுக்குச் சொல்லு. அந்தப் பட்டியல்ல எங்கட நாடு இரிக்கா, இல்லயா?" என்றேன்.

அவன் தேடி வாசித்தான். பிறகு அவனுடைய குரல் வேறு மாதிரி வந்தது. "ராத்தா... இல்ல ராத்தா. எங்கட நாடு இல்ல. காக்காமாரே, போய்த் தேடுங்க. அல்லாஹ்வுக்காகப் போய்த் தேடுங்க," என்று அழுதான்.

அப்போதுதான் தலைவரின் முகம் மாறியது. காலையில் நான் வாசித்ததும் அதே வரிதான். கட்டாரிலிருந்து ஓர் ஆண் வாசித்ததும் அது உண்மையாகிவிட்டது. அந்தக் கோபத்தை வைத்துக்கொள்ளக்கூட எனக்கு அப்போது நேரம் இருக்கவில்லை. இருட்டிக்கொண்டு வந்தது. நேவிக்கு அறிவித்தார்கள். வெள்ளிக்கிழமை என்றும் பார்க்காமல், விடியற்காலையில் சுபஹ் தொழுத கையோடு இரண்டு போட்டுகள் இறங்கின. ஒரு முழுப் பகல் அநியாயமாகப் போயிருந்தது. அந்தப் பகலில் காற்றும் நீரோட்டமும் அவர்களை எவ்வளவு தூரம் தெற்கே கொண்டுபோயிருக்கும் என்று யாரும் வாய்திறந்து சொல்லவில்லை.

ஜும்மாவுக்குப் பாங்கு சொல்லி ஆண்கள் பள்ளிக்குப் போன பிறகு வீட்டில் நானும் பக்கத்து வளவுக்காரரின் மனைவியும் மட்டும் இருந்தோம். அவள் தஸ்பீஹ் மணி உருட்டினாள். என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. மௌத்து, சாவு என்ற சொல் வாசல்வரை வந்து நிற்பதும் நான் அதை விரட்டுவதுமாக இருந்தேன். அப்போது தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது.

"அக்கா, நான் வினாயகபுரத்தில இருந்து கதைக்கன். பயப்படாதிங்க. ஒங்கட அவர் எங்கட கரையில இருக்கார். ரெண்டு பேரும் சுகம். இந்தா, கதைங்க."

அதற்குப் பிறகு கேட்ட குரலை நான் எழுதப்போவதில்லை. நான் கதறிய கதறலில் பக்கத்து வளவுக்காரரின் மனைவி வேறு மாதிரி நினைத்துத் தரையில் விழுந்துவிட்டாள்.

நடந்தது இதுதான். புதன்கிழமை பொழுதுபடும் நேரம் என்ஜின் நின்றுவிட்டது. நீரோட்டம் அவர்களைத் தெற்கே, திருக்கோவில் ஊருக்கும் கீழே இழுத்துக்கொண்டு போனது. வெள்ளிக்கிழமை, தேடப் போன இரண்டைத் தவிர, எங்கள் ஊர்ப் போட்டுகள் கடலில் இல்லை. வினாயகபுரம் இந்து ஊர், அவர்களுக்கு அது தொழில் நாள். வலை போடப் போன ஒரு போட், தூரத்தில் யாரோ சாரத்தை அவிழ்த்து வீசிக் காட்டுவதைக் கண்டு அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. கட்டி இழுத்துக்கொண்டு வந்து, கஞ்சி கொடுத்து, அந்தப் போன் சார்ஜ் இல்லாமல் கிடந்ததால் தங்கள் சும்மா போனில் எனக்கு அழைப்பெடுத்துக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து குளித்த பிறகு மச்சான் என்னிடம் மட்டும் சொன்னார். "கை வலிக்கிற மட்டும் மேல புடிச்சன். வீடியோவுல அம்பு வரும். இதுல ஒண்டும் வரல்ல. கறுப்புக் கண்ணாடிக்குள்ள என்ட மூஞ்சிதான் தெரிஞ்சிச்சு." கொஞ்சம் பொறுத்து இன்னொன்றும் சொன்னார். "மொதல் ராவு எங்கட ஊர் போட் வெளிச்சம் தெரிஞ்சிச்சு புள்ள. கிட்டத்தான் இரிந்தாங்க. செட் இரிந்திரிந்தா கூப்பிட்டிரிப்பன்." சொல்லிவிட்டு முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டார்.

இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஊர் முடிய விடவில்லை. சனிக்கிழமை காலையில் பேஸ்புக்கைத் திறந்தால் மச்சானின் படம். வினாயகபுரத்துக் கரையில் யாரோ எடுத்தது. உதடு வெடித்து, கண் உள்ளே போய், கழுத்தில் அந்தப் போனோடு நிற்கிறார். டவுனில் ஒரு போன் கடைக்காரர் அதை எடுத்து, மேலே பெரிய எழுத்தில் 'நடுக்கடலிலும் கைவிடாத நண்பன்' என்று போட்டிருந்தார். கீழே மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ் என்று இறங்கிக்கொண்டே போனது. அந்தப் போன் கழுத்தில் கிடந்தது, மனிதர் உயிரோடு வந்துவிட்டார். ஆகவே போன்தான் காப்பாற்றியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வினாயகபுரத்துக்காரர்களைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. அது எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

"அது பொய் எண்டு எழுதுங்க," என்றேன் மச்சானிடம்.

"மச்சினன் ஆசையாத் தந்த சாமான். அது உதவல்ல எண்டு நான் ஊருக்குச் சொல்றதா? உடுங்க."

நான் எழுதினேன். "டீச்சருக்கு இன்னும் பயம் தெளியல்ல, துஆச் செய்யுங்க" என்று கீழே பதில் வந்தது.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அந்தக் கதையையே அவரிடம் சொன்னார்கள். முதலில் அவர் பேசாமல் இருந்தார். பிறகு தலையாட்டினார். சில கிழமைகள் போன பின், ஒரு நாள் குசினிக்குள் நின்று தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தபோது முன்னறையிலிருந்து அவருடைய குரல் கேட்டது. "மேல புடிக்கக்குள்ள ஒரு சின்ன வெளிச்சம் வந்த மாதிரி இரிந்திச்சு. வினாயகபுரத்தாக்களுக்கு எப்படியோ அது போயிரிக்கும். இல்லாட்டி அவங்க ஏன் அந்தப் பக்கம் வரணும்?"

அவர் பொய் சொல்லவில்லை. எனக்கு அந்தக் குரல் தெரியும். அவர் நம்பத் தொடங்கிவிட்டார். கை வலிக்க வலிக்கப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதரே, தன் கண்ணால் கண்டதை விட்டுவிட்டு, கடைக்காரர் எழுதியதை நம்பத் தொடங்கிவிட்டார். கடலில் காணாமல் போயிருந்த நாளில்கூட எனக்கு இவ்வளவு பயம் வரவில்லை.

என்ஜின் திருத்தி, அவர் முதன்முதலாக மறுபடி இறங்கிய சனிக்கிழமை. செட்டை முதல் நாளே நான் சார்ஜில் போட்டிருந்தேன். சாப்பாட்டுப் பையோடு வைத்தும் விட்டேன். அவர் போன பிறகு பார்த்தால் செட் மேசையிலேயே கிடந்தது. கழுத்தில் போன் போயிருந்தது. செட்டைத் தூக்கிக்கொண்டு நான் கடற்கரைக்கு ஓடினேன். டீச்சர் தெருவில் ஓடுகிறாள் என்று யார் பார்த்தார்கள், யார் சிரித்தார்கள், எனக்குத் தெரியாது.

போட் பாதி தண்ணீரில் இருந்தது. ஆண்கள் எல்லாரும் நின்றார்கள், தலைவரும் தன் போட்டோடு நின்றார். நான் முழங்கால் தண்ணீருக்குள் இறங்கி போட் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"மச்சான், இவ்வளவு பேருக்கும் முன்னால சொல்லுங்க. அண்டைக்கு நீங்க மேல புடிக்கக்குள்ள அந்தப் போன்ல என்ன வந்த?"

"புள்ள, ஊட்டுக்குப் போங்க."

"சொல்லாட்டி நான் போக மாட்டன். போட்டும் போகாது."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். கழுத்துக் கயிற்றை விரலால் சுற்றினார். அலை இரண்டு தரம் வந்து போனது.

"ஒண்டும் வரல்ல," என்றார் கடைசியில். "நான் அழுதன். ஒண்டும் வரல்ல."

அவர் கையை நீட்டினார், நான் செட்டைக் கொடுத்தேன். நிம்மதியில் எனக்கு அழுகை வந்தது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பும்போது தலைவர் மச்சானின் தோளில் தட்டினார்.

"அது பழைய மொடல் தம்பி," என்றார் அன்பாக. "புதுசுல வேல செய்யுமாம். நான் மகன்ட்டச் சொல்லி எடுத்திட்டன்." சட்டையைத் தூக்கி, புது உறைக்குள் பளபளத்த போனைக் காட்டினார். அவருடைய செட் எங்கே என்று கேட்டேன். ஊட்டில கிடக்கு டீச்சர், என்னத்துக்கு ரெண்டையும் சுமக்கிற, என்றார்.

இரண்டு போட்டும் ஒன்றன்பின் ஒன்றாக அலையைத் தாண்டிப் போயின. நான் ஈரச் சேலையோடு வீட்டுக்கு வந்து தொழுவதற்கு முஸல்லாவை விரித்தேன். அல்லாஹ்விடம் எங்கள் போட்டுக்காக அதிகம் கேட்கவில்லை. தலைவரின் பெயரைச் சொல்லி, அவர் பிள்ளைகளின் பெயர்களையும் சொல்லி, அவருடைய என்ஜின் நிற்காமல் இருக்கவேண்டும் என்று விடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.